சாளை நெய்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதை உரக்கச் சொல்ல வாய் வராது. பாதிக்கு மேல் ஒருத்தி தன் மனசுக்குள்ளேயே முணுமுணுத்தது, அதைக் கூவிச் சொன்னால் அது அதுவாக இருக்காது.

தெக்லா ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து தலைக்கு மேலே தொங்குகிற பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நாகர்கோவில் வெயில் கண்ணைக் குத்துகிற முற்பகல், உள்ளே மட்டும் ஏசி போட்டு மார்கழி. பாட்டிலில் இருந்தது வெறும் உப்புத் தண்ணி. அது சொட்டுச் சொட்டாக இறங்கி, கட்டிலில் கண்மூடிக் கிடக்கிற அவள் புருஷன் கஸ்பாரின் இடது கைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் உப்புத் தண்ணிதான், அது போய்க் கிட்னியைக் கழுவி வைத்த பிறகுதான் கறுப்பு உறை போட்ட மருந்துப் பை வரும். இன்றைக்கு அந்தப் பை வருமா வராதா என்பதுதான் பேச்சு. பாட்டில் காலியாவதற்குள் பெரிய டாக்டர் வந்து சொல்லிவிடுவார். வராது என்று சொல்லிவிட்டால் அப்புறம் கஸ்பாருக்கு மருந்தில்லை, வீடு, பாய், வலி மாத்திரை, அவ்வளவுதான். தெக்லாவின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் மாற்றுச் சேலை, பன், துண்டு, இரவு தங்கவேண்டி வந்தால் நாளைக் காலைக்கு ஆகுமென்று துண்டுக்குள் சுற்றி ஒரு குப்பி. அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் கஸ்பாருக்கும் தவிர இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து தெரியாது. அது பெரிய கெட்டிக்காரத்தனம் என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தாள்.

காலையில் ஹசீனா டாக்டரம்மா வந்தாள். சின்னப் பெண், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிற பெண், அதுதான் வினையாகப் போயிற்று. "நேத்து எடுத்த ஸ்கேன் வந்திருக்கும்மா. நுரையீரல்ல இருக்கிற கட்டி சுருங்கல. ஒரு ஓரத்தில கொஞ்சம் கூடின மாதிரிகூடத் தெரியுது. இந்த மருந்து இவருக்குக் கேக்கலையோன்னு பெரிய டாக்டருக்குச் சந்தேகம்." இதோடு நிறுத்தியிருக்கலாம். தெக்லாதான் விடவில்லை. "மருந்துன்னா போய்க் கொல்லணும்லா மக்ளே, இவ்வளவு நாளா ஏத்தி முடியெல்லாம் கொட்டிச்சே, அது ஏன் சாகல?" என்று கேட்டுவிட்டாள். ஹசீனா கட்டில் ஓரத்தில் சாய்ந்துகொண்டு, கையைக் கிண்ணம்போல் குவித்துக் காட்டினாள். "மருந்து நேரா வெட்டிக் கொல்றதில்லம்மா. உடம்பு பூரா சின்னச் சின்ன அணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தோல் உண்டு, அது கொழுப்பால ஆனது, மீன் குழம்பு மேல எண்ணெய் படியுமே, அவ்வளவு மெல்லிசு. மருந்து உள்ள போய் அணுவோட நூலை அறுக்கும். அறுந்த உடனே அந்தத் தோல்ல இருக்கிற ஒரு கொழுப்பு உடைஞ்சு வேற ஒண்ணா மாறி, உன் நேரம் முடிஞ்சுது, நீ போன்னு அணுவுக்குச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அது தானாச் சாகும். சாகும்போது தோலுக்கு உள்பக்கம் இருந்த கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பிக்கும். செத்துட்டேன், வந்து எடுத்துக்கோங்கன்னு அது ஒரு அடையாளம். அதைப் பாத்துட்டுத் துப்புரவு அணு வந்து தின்னுடும்." தெக்லா கேட்டாள், "அந்தக் கொழுப்பு சொல்லலேன்னா?" "சொல்லலேன்னா, இல்ல சொல்றதை வேற ஏதாவது அமுக்கிட்டா, மருந்து போயும் சாகாது. அப்படியே உக்காந்திருக்கும்." போகிறவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "அதனாலதான் மீன் எண்ணெய், மீன் எண்ணெய் மாத்திரை எதுவும் வேண்டாம்னு சொல்றோம். எலிக்குக் கொடுத்துப் பாத்ததில, அதில இருக்கிற ஒருவகைக் கொழுப்பு இந்த மாதிரி மருந்தோட வேலையைத் தடுத்த மாதிரி இருந்திருக்கு. மனுசங்களுக்கு உறுதியாத் தெரியாது, எதுக்கு வம்புன்னுதான். நீங்க அப்படி எதுவும் கொடுக்கலைல்ல?" "இல்ல மக்ளே" என்றது தெக்லாவின் வாய். மனசு எழுந்து வருவதற்குள் வாய் சொல்லி முடித்துவிட்டது, ஹசீனாவும் போய்விட்டாள்.

இப்போது அந்த 'இல்ல மக்ளே' தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சோற்று உருண்டை விழுங்கினாலும் போகாத முள். சொட்டு விழுகிறது. இன்னொன்று விழுகிறது. குழாயின் நடுவே இருக்கிற சின்னக் கண்ணாடிக் குடுவையில் விழுந்து, கொஞ்சம் குதித்து, அடங்கிப் போகிறது. எலிக்குத்தானே, என்று நினைத்தாள். எலி எங்கே மனுஷன் எங்கே, எலி சாளை மீன் தின்று வளர்ந்ததா, கஸ்பார் சாளை தின்றே வளர்ந்தவர், அவர் உடம்பில் ஓடுவது பாதி சாளைதானே, அதற்கு மேல் ஒரு தம்ளர் மீன்நெய் என்ன செய்துவிடும். செய்யாது. செய்யாதென்றால் கட்டி ஏன் சுருங்கவில்லை. உறுதியாகத் தெரியாது என்றுதானே சொன்னாள் அந்தப் பெண். தெரியாது என்றால் இருக்கலாம் என்றும்தானே. நெய் போய் வாயைப் பொத்தியிருக்குமோ. அந்தக் கொழுப்பு, பாவம், வாயைத் திறந்து உன் நேரம் முடிஞ்சுது என்று சொல்லப் போகிற சமயம் பார்த்து, நான் காய்ச்சி வடித்த நெய் போய் அதன் வாயில் கையை வைத்து அமுக்கியிருக்குமோ. சந்தையில் கூட்டத்தில் ஒருத்தி வாயை இன்னொருத்தி பொத்துவதுபோல ஒரு காட்சி வந்தது, பொத்துகிற கையில் செதில் ஒட்டியிருந்தது, அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மீன் விற்கிற கை, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒன்றிரண்டு செதில் இருக்கத்தான் செய்யும். உள்பக்கம் இருந்தது வெளிப்பக்கம் திரும்புமாம். அவளுக்கு அது தெரியாததா. ஐஸ் போடாத சாளை உச்சி வெயிலுக்கு வயிறு உடைந்து, உள்ளே இருந்த கொழுப்பு வெளியே பளபளவென்று கசிந்து வரும், அதற்கப்புறம் எவ்வளவு கடல்தண்ணி தெளித்தாலும் எவ்வளவு மணல் புரட்டினாலும் யாரையும் ஏமாற்ற முடியாது, காக்காய்க்குத் தெரிந்துவிடும், நாய்க்குத் தெரிந்துவிடும், வாங்க வருகிற டீச்சரம்மாவுக்கும் தெரிந்துவிடும். செத்தது செத்தேன் என்று சொல்லிவிடும். சாகாதது? சாகாதது இவருடைய நெஞ்சுக்குள் ஈரமாக, குளிர்ச்சியாக, அப்போதுதான் வலையிலிருந்து உதறினதுபோல் கண் தெளிவாக உட்கார்ந்திருக்கிறது. ஏசிக்காரனை நினைத்துத் திட்டிக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

அடுத்த கட்டிலில் கண்டக்டர் வேலப்பன். ரிட்டயர் ஆகியும் வாய் ரிட்டயர் ஆகாதவர், அவருக்கும் ஒரு பாட்டில் தொங்குகிறது. "என்ன ஓய் கஸ்பாரே, உறக்கமா? இந்த பஸ்ஸில ஏறினா இறங்குத ஸ்டாப் எதுன்னு டிரைவருக்கே தெரியாது பாத்துக்கிடும்." கஸ்பார் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "நீரு கண்டக்டர்தானே, விசிலடிச்சு நிறுத்தும்." "விசில் எங்கிட்ட எங்க இருக்கு? அது லீலாபாய் சிஸ்டர் கழுத்திலல்லா கிடக்கு." ஊசித் தட்டோடு போய்க்கொண்டிருந்த லீலாபாய், "ரெண்டு பேருக்கும் வாயில ஒரு ஊசி போடணும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். வேலப்பன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, அப்புறம் எல்லோரும் அந்த இருமல் முடிகிறதற்காகக் காத்திருந்தார்கள். தெக்லாவும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வருகிற இடத்தில் முள் இருந்தது. கஸ்பாரின் வலது கை அவள் மடியில் கிடந்தது, அதை இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டாள். கயிறு இழுத்துக் காய்ப்பேறின கை, இப்போது உள்ளே எலும்பு தனியாக, தோல் தனியாக. கையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வாசனை வரும், சாளை நெய் வாசனை, லேசாக, காறல் இல்லாமல். ஒரு மாதமாகவே வருகிறது. முதல்முதல் அந்த வாசனை வந்த அன்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம், நெய் உடம்பில் பிடித்துவிட்டது, தோல்வழியாகவே வருகிறது என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்தினாள்.

நெய் காய்ச்சுவது லேசான காரியமில்லை. கொழுத்த சாளையாகப் பார்த்து எடுக்கவேண்டும், வயிற்றை அமுக்கினால் விரலில் வழுவழுக்கவேண்டும். பெரிய பானையில் தண்ணீரோடு வேகவைத்து, ஆறவைத்து, மேலே மிதக்கிற நெய்யை அகப்பையால் பதமாக வழித்து, மெல்லிய துணியில் வடித்து, மறுபடி சுடவைத்து ஈரம் போக்கி. வீடே ஊராருக்குத் தெரிகிற மாதிரி நாறும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். அவளுடைய அண்ணன் ததேயுவுக்கு நெஞ்சு நோய் வந்து எலும்பாகக் கிடந்தபோது அம்மா இதைத்தான் கொடுத்தாள், அவன் எழுந்து மறுவருஷம் கட்டுமரம் தள்ளினான், அதைத் தெக்லா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். கண்ணால் பார்த்ததை எந்த டாக்டர் வந்து இல்லையென்று சொல்ல முடியும். ததேயுவுக்கு இந்தக் கறுப்பு உறை மருந்து ஏற்றவில்லையே, அவனுக்கு வெறும் நெய்தானே, வெறும் நெய்யோடு சர்க்கார் மாத்திரையும் உண்டு, மாத்திரைதான் அவனை எழுப்பியதோ, அது யாருக்குத் தெரியும், அம்மா மாத்திரையைப் பற்றிச் சொல்லவே இல்லை. அம்மாவும் கெட்டிக்காரி. வெளிமருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று லீலாபாய் ஆரம்பத்திலேயே கேட்டாள், இல்லை சிஸ்டர் என்றாள் தெக்லா, பொய்யில்லை, நெய் மருந்தா என்ன, நெய் சாப்பாடு. இப்படித்தான் மனசுக்குள் ஒரு கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். விடிந்ததும் ஒரு தம்ளர். கஸ்பார் முதல்நாள் மூக்கைப் பொத்தினார். "ஏட்டி, இதைக் குடிக்கதுக்கு நான் அந்த நோவிலேயே போயிருவேன்." "குடிங்க, கண்ணை மூடிட்டு ஒரே மடக்கு." "வீட்டுக்குள்ள வச்சுக் குடிச்சா கக்கிருவேன். கடல்காத்தில நின்னு குடிக்கேன்" என்று தம்ளரைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி, கரையேற்றிக் கிடந்த தன் மரவள்ளத்துப் பக்கம் போனார். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வள்ளத்துக்கு அந்தப்பக்கம் போய் நிற்பார், தலை மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் குனிந்து மறையும், குமட்டுகிறது பாவம் என்று அவள் வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். கூடப் போய் நிற்கமாட்டாள். பொம்பளை கால் வள்ளத்துக்குக் கிட்டப் படக்கூடாது என்பது அவள் மாமியார் சொல்லிவைத்துப் போனது, தெக்லா எத்தனையோ சொல்லை மீறியிருக்கிறாள், அதை மட்டும் மீறினதில்லை, கடலுக்குப் போகிறவருடைய உயிர்க்காரியமல்லவா. கொஞ்ச நேரம் கழித்து வருவார். புறங்கையால் வாயை ஒரு துடை துடைப்பார், முகத்தைச் சுளிப்பார், காலித் தம்ளரை அவள் கையில் கவிழ்த்துக் காட்டுவார். "போதுமா, மகராசி?" இன்று காலையும் அப்படித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் கத்திக்கொண்டு நிற்க, மெதுவாக, ரொம்ப மெதுவாக, வாயைத் துடைத்துக்கொண்டு மணலில் ஏறி வந்தார்.

வள்ளம் கடலுக்குப் போய் எவ்வளவோ நாளாயிற்று. கரையில் எல்லோரும் பைபர் படகுக்கு மாறிவிட்டார்கள், மரவள்ளம் என்று இருப்பது இவருடையதும் பக்கத்தில் கிடக்கிற சூசையுடையதும்தான். சூசையுடையது வெயிலில் காய்ந்து பலகை பிளந்து, உள்ளே கோழி முட்டையிடுகிறது. போன வாரம் வள்ளத் தரகர் வியாகுலம் வந்தார். யார் கூப்பிட்டார்களோ, செத்த வீட்டுக்கு முன்கூட்டியே வருகிறவரைப்போல வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் தெக்லாவுக்கு ஆத்திரம். ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே வள்ளத்துக்கு விலை பேச வந்துவிட்டான், கழுகு. வியாகுலம் வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் பலகையில் தட்டி, "என்ன வே கஸ்பாரே, வள்ளம் நேத்து இறக்கின மாதிரியில்லா கிடக்கு. ஒரு வெடிப்புக் காணோம்" என்றார். "ஆஞ்சிலி மரம் வே, அப்பன் காலத்து மரம்" என்றார் கஸ்பார். வாசலில் நின்ற தெக்லாவுக்கு அதிலும் ஒரு பெருமை. ஏன் இப்போது வியாகுலம் ஞாபகம் வருகிறான். மனசு எதையோ சுற்றிச் சுற்றி வருகிறது, எதை என்று தெரியவில்லை, கட்டிவைத்த மாடு முளையைச் சுற்றுவதுபோல. பாட்டிலில் தண்ணீர் கீழ் எழுத்துக்கு வந்துவிட்டது.

சொல்லிவிடு. சொன்னால் என்னவாகும். ஊர் பேசும். மருந்துக்குக் குறுக்கே எண்ணெய் கொடுத்துப் புருஷனைக் கொன்றவள் என்று பேசும், சந்தையில் கூடையை இறக்கும்போது பேசும், பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது முதுகுக்குப் பின்னால் பேசும், கரையிலேயே பெரிய கெட்டிக்காரி, எடையில் ஏமாற்ற முடியாதவள், ஐஸ்காரனையே அழவைத்தவள், கடைசியில் வீட்டுக்காரருக்கு என்ன செய்தாள் பார்த்தாயா என்று. பேசட்டும், அது பெரிதில்லை. இவருக்குத் தெரியுமே. இவர் கண் திறந்து பார்ப்பாரே. விடிந்ததும் குமட்டிக் குமட்டிக் குடித்தது இதற்குத்தானா என்று வாயால் கேட்கமாட்டார், கேட்காமல் பார்ப்பார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் பாட்டில் காலியாகும், பை வராது, பஸ் ஏறுவார்கள், ஜன்னல் ஓரத்தில் இவர், கீழே இறங்கினதும் சூடாக ஒரு சாயா, அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அந்தக் கட்டிக்கும் மட்டும் தெரியும். கட்டி உள்ளே உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கண்ணடிக்கும். என்னைக் காப்பாற்றினவளே என்று கூப்பிடும். மாதாவே. நெய்தான் காரணமென்றால், நெய்யை நிறுத்தினால் மருந்துக்கு வாய் திறக்குமே, அந்தக் கொழுப்பு தன் சொல்லைச் சொல்லுமே, கட்டி கேட்டுச் சாகுமே. இதை நினைத்தபோது பயத்துக்கு நடுவிலேயே ஒரு ஆசை தலை நீட்டியது. குற்றம் என்மேல் இருக்கட்டும், என்மேல் மட்டும் இருந்துவிட்டால் போதும், என்மேல் இருந்தால் இவர் பிழைக்க வழி உண்டு. தன்மேல் பழி இருக்கவேண்டும் என்று ஒருத்தி இப்படியா வேண்டிக்கொள்வாள். வேண்டிக்கொண்டாள். மடியில் கிடந்த கை லேசாக அசைந்தது. தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று சொல்ல முடியாத மூச்சு. குழாயில் சொட்டு மெலிந்தது. கடைசித் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் வந்து நின்று நடுங்கியது.

பெரிய டாக்டர் வந்தார், பின்னால் ஹசீனா, அதற்குப் பின்னால் லீலாபாய். வயசான மனுஷர், குரல் மெத்து. அந்த மெத்துதான் தெக்லாவைப் பயமுறுத்தியது, கெட்ட சேதிக்கென்று வைத்திருக்கிற குரல். "கஸ்பார், முழிச்சிருக்கீங்களா? ஸ்கேன் பார்த்தேன். இந்த மருந்து உங்களுக்கு எதிர்பார்த்த மாதிரி உதவல. உடம்பை மட்டும்தான் வருத்துது. அதனால இதோட..." தெக்லா எழுந்துவிட்டாள். முக்காலி பின்னால் விழுந்தது. பையைக் கொட்டினாள், பன் உருண்டது, துண்டை உதறினாள், குப்பியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். "நான் கொடுத்தேன். முதல் நாள்லேர்ந்து நான்தான் கொடுத்தேன்." பெரிய டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார், தலையைப் பின்னுக்கு இழுத்தார். "என்னம்மா இது?" "சாளை நெய். விடிஞ்சதும் ஒரு தம்ளர்." ஹசீனாவின் முகம் சுருங்கியது. "காலையில கேட்டேனேம்மா." "பொய் சொல்லிட்டேன் மக்ளே. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் தாங்க, அவருக்கு மருந்தை நிறுத்திராதீங்க." பெரிய டாக்டர் கஸ்பாரிடம் குனிந்தார். "தினமும் குடிச்சீங்களா?"

கஸ்பார் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. குப்பியைப் பார்த்தார், தெக்லாவைப் பார்த்தார், காலியாகிப்போன பாட்டிலைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார், கரையிலிருந்து அலையை எண்ணிப் பார்த்து எந்த அலையில் வள்ளத்தைத் தள்ளுவது என்று நிற்கிறவர் மாதிரி. "குடிச்சேன் டாக்டர். தினமும் குடிச்சேன்." "இன்னைக்கும்? இன்னைக்குக் குடிச்சிருந்தா இப்ப மருந்து போடறதில பிரயோஜனம் இருக்காது." "இல்ல. நேத்தும் இன்னைக்கும் குடிக்கல. ஓங்கரிச்சுது, கொட்டிட்டேன்." பெரிய டாக்டர் காதைச் சொறிந்தார், ஹசீனாவோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார், பிறகு நிமிர்ந்தார். "இந்த எண்ணெய்தான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா இவ்வளவு எண்ணெய் உள்ள போயிருக்கும்போது மருந்து தோத்துப்போச்சுன்னும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பார்ப்போம். எண்ணெய் வாசனையே கூடாது. சிஸ்டர், பையைக் கொண்டு வாங்க." அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். லீலாபாய் கறுப்பு உறை போட்ட பையைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள், குழாயை மாற்றினாள், விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். முதல் சொட்டு விழுந்தது. தெக்லா முக்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். முள் போய்விட்டது, தொண்டை திறந்துவிட்டது, மாதாவே, பழி என்மேல்தான், என்மேலேயேதான், சந்தோஷத்தில் அழுகை முட்டியது. கொட்டிட்டேன் என்றாரே. இன்றைக்கும் கொட்டிவிட்டேன் என்றாரே. அழுகை வருகிற வழியில் அந்தச் சொல் தடுக்கியது. இன்று காலை வாயைத் துடைத்துக்கொண்டுதானே வந்தார். தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாரே, போதுமா மகராசி என்றாரே. குடிக்காமல் எதற்கு வாயைத் துடைக்கவேண்டும். இன்றைக்குத் துடைத்தது நடிப்பென்றால் நேற்றுத் துடைத்தது. முந்தாநாள் துடைத்தது. எங்கே கொட்டினார்.

அவருடைய வலது கையை எடுத்தாள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பாக, எண்ணெயும் மரத்தூசியும் ஏறின கறுப்பு, ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் பார்க்காத கறுப்பு. முகர்ந்தாள். சாளை நெய். எட்டிக் குனிந்து மறு கையை, ஊசி குத்தியிருந்த இடது கையை முகர்ந்தாள். ஸ்பிரிட், பிளாஸ்திரி, வேறொன்றும் இல்லை. தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள், கரையிலே மூக்கை வைத்தே மீன் பிடித்து எத்தனை நாள் என்று சொல்லுகிறவள் அவள். இரும்பு வாசனை, மருந்து வாசனை. நெய் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை, அவள்தான் கையை முகர்ந்துவிட்டு உடம்பு முழுக்க என்று நம்பினாள். ஒரு வெடிப்புக் காணோம் என்றானே வியாகுலம். முன்காலத்தில் மரவள்ளத்துக்கு மீன்நெய்தானே பூசுவார்கள், கந்தலைத் தோய்த்துப் பலகை பலகையாக, குனிந்து, தேய்த்துத் தேய்த்து. வள்ளத்துக்கு அந்தப்பக்கம் தலை குனிந்து மறைந்தது குமட்டலுக்கில்லை. வியாகுலத்தைக் கூப்பிட்டது யார் என்று இப்போது தெரிந்தது. அவள் காய்ச்சின நெய்யையெல்லாம் அந்த மரம் குடித்திருக்கிறது, இவர் இல்லாத நாளைக்கு அவள் கையில் நல்ல வள்ளமாக இருக்கட்டும் என்று, முதல் நாளிலிருந்தே. அப்படியென்றால். அப்படியென்றால் ஒரு சொட்டு நெய்கூட உள்ளே போகவில்லை. யாரும் யார் வாயையும் பொத்தவில்லை. மருந்து போனது, நூலை அறுத்தது, கொழுப்பு சொல்லவேண்டியதைச் சொன்னதோ சொல்லவில்லையோ, கட்டி கேட்கவில்லை, தானாகவே கேட்கவில்லை. நெய்யை நிறுத்திப் பயனில்லை, நிறுத்துவதற்கு நெய்யே இல்லை. தலைக்கு மேலே கறுப்பு உறைக்குள்ளிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. இப்போது டாக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னால் லீலாபாய் வந்து அந்தப் பையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாள். பழி இறங்கிவிடும், கூடவே எல்லாம் இறங்கிவிடும். இரண்டு கட்டில் தள்ளிப் பெரிய டாக்டரின் முதுகு தெரிந்தது, கூப்பிடுகிற தூரம்தான். தெக்லாவின் வாய் திறந்தது. "என்னம்மா, இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்றாள் லீலாபாய். தெக்லா கஸ்பாரைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. அவள் பிடியிலிருந்து வலது கையை மெதுவாக உருவினார், ரொம்ப மெதுவாக முகத்துக்குக் கொண்டுபோனார், முகத்தைச் சுளித்து, புறங்கையால் வாயை ஒரு துடை துடைத்துக்கொண்டார்.